நெரிசலுக்கும் ஒரு நடப்பு வட்டி: பரவல் கணினிகளின் சேவைத் தரமும் தகவமைப்புக் கட்டுப்பாடும்

2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை. முற்பகலில் தொடங்கிச் சில மணி நேரம் நாடெங்கும் யுபிஐ தடுமாறியது. பணம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாமல் வாங்குபவரும் விற்பவரும் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். யுபிஐயை நடத்தும் என்பிசிஐ பின்னர் கண்டறிந்த காரணம் ஆழ்ந்து யோசிக்கத் தக்கது. ஒரு பரிவர்த்தனை முடிந்ததா என்று என்பிசிஐயின் மையத்தைக் கேட்டறிய வங்கிகளுக்கு வழி உண்டு. சில வங்கிகளின் கணினிகள் அந்த விசாரணையைப் பழைய பரிவர்த்தனைகளுக்கும் சேர்த்துத் திரும்பத் திரும்ப அனுப்பிக் குவித்துவிட்டன. அந்தச் சுமையில் மையம் திணறியது.

பதில் வரவில்லையென்றால் மறுபடி கேள் என்பது நிரல் எழுதுபவர்களுக்குக் கைவந்த பாடம். தனித்துப் பார்த்தால் அதில் தவறில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் அதைச் செய்தபோதுதான் எல்லாருடைய சேவையும் நின்றது. பரவல் கணினி அமைப்புகளின் மையச் சிக்கலே இதுதான். பலருக்குச் சொந்தமான, பல ஊர்களில் இருக்கும் கணினிகள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டியிருக்கிறது. சுமையோ நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது. பக்கத்தில் ஆள் நின்று பார்த்துத் திருத்த முடியாத வேகம் அது. அப்படியானால் சேவையின் தரத்தை அமைப்பே உணர்ந்து, அமைப்பே திருத்திக்கொள்வது எப்படி?

இதற்குத் தகவமைப்புக் கட்டுப்பாடு என்ற துறை சொல்லிவந்திருக்கும் விடைகளை இக்கட்டுரை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கணினியும் தன்னளவில் சுமைக்கேற்ப மாறிக்கொள்வது எளிது. அந்த மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, எல்லாரும் கேட்டு எல்லாரும் கட்டுப்படும் பொதுச் சைகை ஒன்று வேண்டும். அது இல்லாத இடத்தில் தகவமைப்பே கேடாக முடியும்.

தரம் எதில் இருக்கிறது

காரைக்குடியில் ஒருவர் கண்டாங்கிச் சேலை வாங்கிவிட்டு க்யூஆர் குறியை ஸ்கேன் செய்கிறார். அவருடைய ஆப்புக்குப் பின்னால் இருக்கும் வங்கி அந்தக் கோரிக்கையை என்பிசிஐக்கு அனுப்புகிறது. என்பிசிஐ அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கியிடம் தொகையைக் கழிக்கச் சொல்கிறது. கழித்தாயிற்று என்ற பதில் வந்தபின் கடைக்காரரின் வங்கியிடம் வரவு வைக்கச் சொல்கிறது. அந்தப் பதிலும் திரும்பிய பிறகே கடையின் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்கிறது. நான்கைந்து நிறுவனங்களின் கணினிகள் சில நொடிக்குள் இந்தச் சங்கிலியை முடிக்க வேண்டும். ஒரு கண்ணி தாமதித்தாலும் கடை வாசலில் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான்.

சேவைத் தரம் என்று பொறியாளர்கள் அளப்பவை பல: பதில் வர எடுக்கும் நேரம், நொடிக்கு எத்தனை கோரிக்கை முடிகிறது, எத்தனை தோற்கிறது, வாய்ப்பு எல்லாருக்கும் நியாயமாகக் கிடைக்கிறதா என்பன. இவற்றில் பதில்நேரம் கொஞ்சம் வஞ்சகமானது. வரிசைக் கோட்பாட்டின் எளிய கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஒரு வேலையைச் சராசரியாக 10 மில்லி நொடியில் முடிக்கும் சர்வர் இருக்கிறது. அதன் திறனில் 50 சதவீதம் சுமை இருந்தால், காத்திருப்பும் சேர்த்துச் சராசரிப் பதில்நேரம் 20 மில்லி நொடி. சுமை 90 சதவீதமானால் 100 மில்லி நொடி. 95 சதவீதமானால் 200. 99 சதவீதத்தில் ஒரு முழு நொடி. பாதிச் சுமையில் ஐந்து சதவீதம் கூடினால் யாருக்கும் தெரியாது. தொண்ணூறில் அதே ஐந்து கூடினால் தாமதம் இரு மடங்காகிறது.

இரண்டாவது சிக்கல் சராசரி என்ற அளவில் இருக்கிறது. கூகுளின் ஜெஃப் டீனும் லூயிஸ் பரோசோவும் 2013-இல் எழுதிய கட்டுரையில் ஒரு கணக்கைக் காட்டினார்கள். ஒரு சர்வர் நூற்றில் ஒரு முறைதான் ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோரிக்கைக்கு அப்படிப்பட்ட 100 சர்வர்களின் பதிலும் தேவையென்றால், கோரிக்கைகளில் 63 சதவீதம் ஒரு நொடிக்கு மேல் தாமதிக்கும். தனித்தனியே 99 மதிப்பெண் வாங்கும் சர்வர்கள் சேர்ந்து பெரும்பாலானோரைக் காக்க வைக்கின்றன. ஆகவே தரத்தை அளப்பவர் சராசரியோடு நிற்காமல், கடைசியில் பதில் பெறும் அந்த ஒரு சதவீதத்தைப் பார்க்க வேண்டும். தரம் தீர்மானிக்கப்படுவது அங்கேதான்.

தன்னைத் தானே திருத்தும் கருவி

பின்னூட்டக் கட்டுப்பாட்டின் அடிப்படை நேரானது. வேண்டிய அளவு ஒன்று இருக்கிறது. இப்போதைய அளவு ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து நெம்புகோலை அசைக்க வேண்டும். எவ்வளவு அசைப்பது என்பதுதான் கேள்வி. குறைவாக அசைத்தால் திருத்தம் வந்து சேர்வதற்குள் தரம் போய்விடும். அதிகமாக அசைத்தால் அமைப்பு இப்பக்கமும் அப்பக்கமும் ஊசலாடும். அமைப்பின் இயல்பு மாறாதது என்றால் சரியான அசைவளவை ஒருமுறை கணித்துவிடலாம். மேலே பார்த்த கணக்கின்படி சர்வரின் இயல்பு சுமைக்குச் சுமை மாறுகிறது. 50 சதவீதத்தில் பொருந்திய அசைவளவு 95 சதவீதத்தில் ஆபத்தாகும். அதனால் அசைவளவையே நிலவரத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் கட்டுப்பாடு வேண்டும். அதுவே தகவமைப்புக் கட்டுப்பாடு.

இந்தத் தேவையை முதலில் உணர்ந்தவர்கள் விமானப் பொறியாளர்கள். உயரமும் வேகமும் மாற மாற விமானம் பதிலளிக்கும் விதமும் மாறும். 1950-களின் பிற்பகுதியில் எம்ஐடியின் விட்டேக்கர் முன்வைத்த விதி இத்துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஆனால் 1967 நவம்பர் 15 அன்று தகவமைப்புக் கட்டுப்பாடு பொருத்தப்பட்ட எக்ஸ்-15 விமானம் சிதறி மைக்கேல் ஆடம்ஸ் என்ற விமானி உயிரிழந்தார். காரணங்கள் பல சேர்ந்திருந்தன. கடைசிக் கட்டத்தில் கட்டுப்பாட்டுக் கருவி ஊசலாட்டத்தில் சிக்கியது; அசைவளவைக் குறைக்க வேண்டிய நேரத்தில் அதைக் குறைக்கவில்லை. தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி எந்த நிலையிலும் கைமீறாது என்பதற்குச் சான்று கேட்கும் காலம் அதன்பின் வந்தது.

அந்தச் சான்றைத் தேடியவர்களில் முன்னணியில் நின்றவர் சென்னையில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த கும்பதி எஸ். நரேந்திரா. யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய குழுவும், வேறு சில ஆய்வாளர்களும் 1980-இல் தகவமைப்புக் கட்டுப்பாட்டின் நிலைத்தன்மைக்கான நிறுவல்களை வெளியிட்டார்கள். அவரிடம் ஆய்வு செய்த அனுராதா அண்ணாசாமியுடன் சேர்ந்து எழுதிய நூல் 1989-இல் வந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் தாதாச்சாருடன் சேர்ந்து கற்கும் தானியங்கிகள் பற்றிய நூலையும் அதே ஆண்டில் தந்தார். நம் கேள்விக்கு மிக நெருக்கமான ஒன்றையும் நரேந்திரா 1970-களிலேயே செய்துபார்த்தார். எந்த வழியில் அழைப்பை அனுப்பினால் இணைப்பு கிடைக்கிறது என்று தொலைபேசி நிலையங்களே அனுபவத்தில் கற்று வழியை மாற்றிக்கொள்ளும் முறை அது. பரவலான அமைப்பில் சேவைத் தரத்தைக் கற்றல் மூலம் காக்கும் முயற்சி இன்றைய செயற்கை நுண்ணறிவுப் பேச்சுக்கு வெகு காலம் முந்தையது.

இந்த நிறுவல்களுக்கு நிபந்தனைகள் உண்டு. அமைப்பின் வடிவம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும், மாற்றம் ஓரளவு மெதுவாக இருக்க வேண்டும், கணக்கில் சேராத தாமதம் பெரிதாக இருக்கக் கூடாது. அந்த நிபந்தனைகள் பொய்த்தால் நிலைத்தன்மையும் பொய்க்கும் என்று 1980-களில் சார்ல்ஸ் ரோர்ஸ் முதலியோர் காட்டினார்கள். கணினி அமைப்புகளில் வேலை செய்பவர்கள் மறக்கக் கூடாத எச்சரிக்கை இது.

இணையம் நெரிந்த அக்டோபர்

கணினி உலகத்துக்கு இந்தப் பாடம் 1986 அக்டோபரில் வந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே தூரம் சுமார் 400 கஜம். அந்த இணைப்பில் தகவல் செல்லும் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. இணைப்பு அறுந்துவிடவில்லை. தொலைந்த தகவல் பொட்டலங்களை எல்லாக் கணினிகளும் மறுபடி மறுபடி அனுப்பியதில் பாதை முழுவதும் மறு அனுப்பல்களாலேயே நிறைந்துவிட்டது. 2025 ஏப்ரலில் யுபிஐ கண்டதும் இதே நோயின் இன்னொரு வடிவந்தான்.

வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட தீர்வு இணையத்தைக் காப்பாற்றியது. பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு, அனுப்பும் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். எல்லாம் சரியாகப் போனால் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். இதே காலத்தில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கே.கே. ராமகிருஷ்ணனும் ராஜ் ஜெயினும் வேறொரு வழியைக் கண்டார்கள். பொட்டலம் தொலையும்வரை காத்திருக்காமல், வரிசை நீளத் தொடங்கியதுமே வழியிலுள்ள கருவி பொட்டலத்தில் ஒரு பிட்டைக் குறித்து அனுப்பலாம் என்றார்கள். வெளிப்படையான நெரிசல் அறிவிப்பு என்ற பெயரில் அது 2001-இல் இணையத்தின் தர விதிகளில் இடம்பெற்றது.

கூட்டலில் ஏற்றி வகுத்தலில் இறக்குவது ஏன் என்பதை டா-மிங் சியூவும் ராஜ் ஜெயினும் 1989-இல் விளக்கினார்கள். அதைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம். 100 அலகு கொள்ளும் பாதையில் இருவர். ஒருவர் 70, மற்றவர் 10 அனுப்புகிறார். வேறுபாடு 60. இருவரும் பத்துப் பத்து கூட்டினால் 80, 20, பாதை நிறைந்தது. இருவரும் பாதியாக்கினால் 40, 10. வேறுபாடு 30 ஆகிவிட்டது. மறுபடி இருவரும் 25 கூட்டினால் 65, 35, பாதை நிறைகிறது. பாதியாக்கினால் 32.5, 17.5, வேறுபாடு 15. கூட்டும்போது வேறுபாடு மாறுவதில்லை. பாதியாக்கும்போது அதுவும் பாதியாகிறது. சில சுற்றுகளில் இருவரும் கிட்டத்தட்டச் சம பங்குக்கு வந்துவிடுகிறார்கள். இருவருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. மேலே மேலாளர் யாரும் இல்லை. ஒரே சைகையைக் கேட்டு ஒரே விதியைப் பின்பற்றியதால் நியாயம் தானே பிறந்தது. இருவரில் ஒருவர் பாதியாக்க மறுத்தாலோ எல்லாம் குலைந்துவிடும். இந்தச் சிறு கணக்கை நான் இத்துறையின் இதயம் என்றே கருதுகிறேன்.

விலை என்ற சைகை

சைகை எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கேம்பிரிட்ஜின் ஃபிராங்க் கெல்லி 1998-இல் தந்த விடை விலை. ஒவ்வொரு பாதையும் தன் நெரிசலுக்கேற்ப ஒரு விலையைச் சொல்கிறது. ஒவ்வொரு பயனரும் அந்த விலையைப் பார்த்துத் தன் அளவை மாற்றிக்கொள்கிறார். இங்கே பணம் கைமாறுவதில்லை; பற்றாக்குறையை எல்லாருக்கும் தெரிவிக்கும் எண்ணாக மட்டுமே விலை இயங்குகிறது. தனித்தனி முடிவுகள் சேர்ந்து மொத்த அமைப்புக்கும் நல்ல பங்கீட்டில் போய் நிற்கும் என்று அவர் நிறுவினார். சென்னை ஐஐடியில் படித்து இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஆர். ஸ்ரீகாந்த் 2004-இல் எழுதிய நூல் இணைய நெரிசல் கட்டுப்பாட்டின் கணிதத்தை முறைப்படுத்தியது. அதில் ஒரு முக்கியமான கருத்து: சைகை வந்து சேரத் தாமதமாக ஆக, அதற்கு நாம் காட்டும் அசைவைக் குறைக்க வேண்டும். பழைய செய்திக்குப் பலமாக எதிர்வினை காட்டுபவர் ஊசலாட்டத்தை உண்டாக்குவார்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாகத் தோன்றாது. பர்மாவில் வட்டித் தொழில் நடத்திய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகள் ஒவ்வொன்றும் தனி விலாசம், தனி முதல், தனிப் பொறுப்பு. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்த முதலாளியின் கடிதம் கடல் கடந்து போய்ச் சேர நாள்கள் ஆகும். அதற்குள் நெல் அறுவடைக்குப் பணத் தேவை ஏறிவிடும், பிறகு இறங்கிவிடும். முதலாளியைக் கேட்டுக்கேட்டு நடத்த முடியாத தொழில் அது. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் நகரத்தார் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கைவசம் உள்ள பணமும் வரவிருக்கும் தேவையும் அந்த ஒரே எண்ணில் அடங்கின. அதைக் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு கடையும் தன் வைப்புக்கும் கடனுக்கும் தானே வட்டி வைத்துக்கொண்டது. தனித்து இயங்கும் உறுப்புகள், மாறும் சுமை, தாமதமாகும் தகவல், எல்லாரும் மதிக்கும் ஒரு விலை, மாதம் ஒருமுறை திருத்தம் என்று கெல்லியின் கணக்கிலுள்ள உறுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன.

அந்த ஏற்பாட்டின் எல்லையும் நமக்குப் பாடம். பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும் தேவையை நடப்பு வட்டி அழகாகச் சமாளித்தது. 1930-இல் உலக மந்தத்தால் அரிசி விலை சரிந்தபோது அதனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கைவசமிருந்த நிலம் 1930-இல் 6 சதவீதம். 1938 வாக்கில் 25 சதவீதம். வட்டி என்ற நெம்புகோலுக்கு எட்டாத இடத்தில் நடந்த வீழ்ச்சி அது. எந்தத் தகவமைப்புக் கட்டுப்பாட்டுக்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துவைப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி.

சர்வர்களுக்குள் வந்த கட்டுப்பாடு

பாதைகளில் வேரூன்றிய கட்டுப்பாடு, 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சர்வர்களுக்குள்ளும் வந்தது. தாரெக் அப்தெல்சாகர் குழுவினர் 2002-இல் வலைத்தள சர்வர்களின் தரத்துக்குக் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டைப் பொருத்திக் காட்டினார்கள். ஐபிஎம் 2001-இல் முன்வைத்த தன்னாட்சிக் கணிமைத் திட்டம், கண்காணி, ஆராய், திட்டமிடு, செயல்படுத்து என்ற சுழற்சியைப் பொறியாளர்களின் அன்றாடப் பேச்சாக்கியது. ஜோசஃப் ஹெல்லர்ஸ்டைன், சுஜய் பரேக் முதலியோர் எழுதிய பின்னூட்டக் கட்டுப்பாட்டு நூல் 2004-இல் வந்தது. எச்பி ஆய்வகத்தின் ஷியாவ்யுன் ஜுவும், அவருடன் பிரதீப் பாதலா முதலியோரும் 2007-இலும் 2009-இலும் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொள்ளும் பல மெய்நிகர் கணினிகளுக்கு வளத்தைத் தகவமைப்பு முறையில் பிரித்துக் கொடுத்துக் காட்டினார்கள். அமைப்பின் மாதிரியை இயங்கும்போதே மதிப்பிட்டு, அதிலிருந்து அடுத்த பங்கீட்டைக் கணிப்பது அவர்கள் முறை.

இன்று இந்தியாவின் சிறு நிறுவனங்கள்கூடப் பயன்படுத்தும் குபர்நெட்டிஸ் மென்பொருளில் இதன் எளிய வடிவம் இருக்கிறது. சர்வர் பிரதிகளின் எண்ணிக்கையை அது 15 நொடிக்கு ஒருமுறை பரிசீலிக்கும். வேண்டிய சுமை 50 சதவீதம், இப்போது 4 பிரதிகளில் 90 சதவீதம் என்றால், 4-ஐ 90-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்தால் 7.2, மேலே முழுதாக்கி 8 பிரதிகள் என்று முடிவு செய்யும். வேறுபாடு பத்து சதவீதத்துக்குள் இருந்தால் கையை வைக்காது. குறைக்கும்போது மட்டும் கடந்த ஐந்து நிமிடத்தின் நிலவரத்தைப் பார்த்து நிதானமாகக் குறைக்கும். ஏற்றுவதில் வேகமும் இறக்குவதில் நிதானமும் காட்டுவதற்குக் காரணம் உண்டு. தேவைக்கு மேல் சில நிமிடம் வைத்திருந்தால் கொஞ்சம் பணம் போகும். அவசரப்பட்டுக் குறைத்தால் சேவையே போகும்.

கூகுள் 2020-இல் வெளியிட்ட ஆட்டோபைலட் ஆய்வு தகவமைப்பின் பயனை எண்களில் காட்டியது. ஒதுக்கியும் பயன்படாமல் கிடக்கும் வளம், மனிதர்கள் அளவு குறித்த வேலைகளில் 46 சதவீதம். தானியங்கி குறித்த வேலைகளில் 23 சதவீதம். நினைவகம் போதாமல் கடுமையாகப் பாதிக்கப்பட்ட வேலைகளும் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தன.

ஆனால் சுமை திடீரெனப் பாயும் இடங்களில் பின்னூட்டம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே சிறந்த சான்று இருக்கிறது. 2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் ஆடியபோது ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்தார்கள். தோனி ஆட்டமிழந்ததும் அந்தக் கூட்டம் சில நிமிடங்களில் கரைந்தது. சுமை குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். பார்ப்பவர்கள் பின்னே போகும் பொத்தானை அழுத்தியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் முகப்புப் பக்கத்துக்கு வந்தார்கள். வீடியோ சர்வர்களின் சுமை இறங்கிய அதே நொடியில் முகப்புப் பக்க சர்வர்களின் சுமை ஏறியது. புது சர்வர் தயாராகும் நேரத்தைவிட அந்த அலை வேகமானது. அதனால் ஹாட்ஸ்டார் பொறியாளர்கள் மேகக்கணினியின் வழக்கமான தானியங்கி ஏற்றத்தை நம்பியிருக்கவில்லை. பார்ப்போர் எண்ணிக்கையின் படிநிலைக்கேற்ப முன்கூட்டியே சர்வர்களை ஏற்றி வைத்தார்கள். நெருக்கடியில் பரிந்துரைகள் போன்ற துணைச் சேவைகளை நிறுத்திவிட்டு ஆட்டத்தை மட்டும் காப்பாற்றும் ஏற்பாடும் செய்தார்கள். 2023 உலகக் கோப்பை இறுதியில் அந்த எண்ணிக்கை 5.9 கோடியைத் தொட்டது. முன்கணிப்பால் பெரும் அலையைத் தாங்கி, பின்னூட்டத்தால் சிறு அசைவைத் திருத்தி, முடியாதபோது எதை விடுவது என்று முன்பே முடிவெடுத்து வைப்பது என்ற மூன்றும் சேர்ந்ததே நடைமுறைக்கு ஏற்ற தகவமைப்பு.

இன்னொரு வகைச் சுமையும் உண்டு. காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் ரயிலில் தட்கல் டிக்கெட் எடுக்க முயன்ற எவருக்கும் காலை பத்து மணியும் பதினொரு மணியும் தெரியும். 2025 மே 22 அன்று ஐஆர்சிடிசி ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகளைப் பதிவு செய்தது. திறனைக் கூட்டியும் சாதாரணப் பயணிக்கு இடம் கிடைக்கவில்லை. தட்கலின் முதல் ஐந்து நிமிடங்களில் உள்நுழைய முயல்வோரில் பாதிவரை தானியங்கி நிரல்கள் என்று அரசே சொன்னது. விதிக்குக் கட்டுப்படாதவரை அடையாளம் காண முடியாத அமைப்பில் எந்தக் கட்டுப்பாடும் நியாயத்தைத் தராது. அந்த ஜூலையில் ஆதார் சரிபார்ப்பு வந்தது இதனால்தான்.

கட்டுப்பாடே கேடாகும் இடம்

ஆப், அதன் சர்வர், அதற்குப் பின்னுள்ள தரவுத்தளம் என மூன்று அடுக்கு இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு அடுக்கும் தோல்வி கண்டால் மொத்தம் மூன்று முறை முயலும் என்றால், அந்த மூன்றுக்கும் அடியிலுள்ள சேவைக்கு ஒரு பயனரின் ஒரு கோரிக்கை 27 கோரிக்கைகளாக வந்து விழும். நலமாக இருக்கும்போது இது வெளியே தெரியாது. அடியிலுள்ள சேவை சற்றுத் தளர்ந்ததும் அதன் தலையில் 27 மடங்கு ஏறும்.

2015 செப்டம்பர் 20 அன்று அமேசானின் டைனமோடிபி சேவை அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் சுமார் ஐந்து மணி நேரம் முடங்கியது. தொடக்கம் ஒரு சிறு வலையமைப்புக் கோளாறு. அது விரைவில் சரியாகிவிட்டது. அதற்குள் சேமிப்பு சர்வர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தங்கள் பொறுப்புப் பட்டியலை மையத்திடம் கேட்டன. பதில் தாமதமானது, மறுபடி கேட்டன. மையத்துக்குக் கூடுதல் சர்வர்களைச் சேர்க்கக்கூட முடியாத அளவு சுமை ஏறியது. கடைசியில் அந்தக் கோரிக்கைகளையே நிறுத்திவைத்து, திறனைக் கூட்டி, பிறகு திறந்துவிட வேண்டியிருந்தது. தொடக்கக் காரணம் நீங்கிய பின்னும் நீங்காத இந்த வகை முடக்கத்தை நாதன் பிரான்சன் முதலியோர் 2021-இல் தனி வகையாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். அதைத் தாங்கி நிறுத்துவது பெரும்பாலும் மறுமுயற்சிகளே என்பது அவர்கள் கண்டது.

இரண்டாவது கேடு, ஒன்றையொன்று அறியாத கட்டுப்பாடுகள். ஒரு கருவி சர்வர்களைக் கூட்டுகிறது. இன்னொன்று செலவைக் குறைக்க அவற்றைக் குறைக்கிறது. மூன்றாவது கோரிக்கைகளை வேறு ஊருக்குத் திருப்புகிறது. தனித்தனியே நிலையானவை சேரும்போது ஊசலாடலாம். வலுவூட்டல் கற்றலால் இயங்கும் புதிய கருவிகளுக்கும் இது பொருந்தும். சிக்கலான பங்கீடுகளை மனிதரைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும் திறன் அவற்றுக்கு உண்டு. ஆனால் பயிற்சியில் காணாத நிலவரத்தில் அவை என்ன செய்யும் என்பதற்கு 1967 விபத்துக்குப் பின் கேட்கப்பட்ட அதே சான்றை நாம் இன்றும் கேட்க வேண்டும். அதுவரை அவற்றின் முடிவுகளுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் கட்டாயம் வேண்டும்.

யுபிஐக்கு அடுத்த படி

ஏப்ரல் முடக்கத்துக்குப் பின் என்பிசிஐ எடுத்த நடவடிக்கைகளை இந்தப் பின்னணியில் மதிப்பிடலாம். ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைக்கு மேல் கேட்கக் கூடாது. இரு விசாரணைகளுக்கு இடையே 90 நொடியாவது இடைவெளி வேண்டும். ஓர் ஆப்பில் நாளுக்கு 50 முறைதான் இருப்பைப் பார்க்கலாம். தானியங்கிக் கட்டணங்கள் நெரிசல் நேரமான காலை 10 முதல் பகல் 1 வரையும் மாலை 5 முதல் இரவு 9.30 வரையும் தவிர்த்து மற்ற நேரத்தில் செல்ல வேண்டும். 2025 ஆகஸ்ட் 1 முதல் இவை நடைமுறைக்கு வந்தன.

இவை தேவையான விதிகள். எல்லாரையும் கட்டுப்படுத்துவதால் இவற்றுக்கு நியாயமும் உண்டு. ஆனாலும் இவை மாறாத எல்லைகள். மையம் ஓய்ந்திருக்கும் விடியற்காலையிலும் நெரியும் மாலையிலும் 90 நொடி 90 நொடிதான். நெரிசல் நேரத்தைக் கடிகாரம் சொல்கிறது. நெரிசல் கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. 1988-இல் ராமகிருஷ்ணனும் ஜெயினும் செய்ததைப் போல, மையம் தரும் ஒவ்வொரு பதிலிலும் அப்போதைய நெரிசலைக் காட்டும் சிறு குறியீடு ஒன்றைச் சேர்க்கலாம். குறியீடு ஏறினால் ஒவ்வொரு வங்கியும் தன் விசாரணைகளைப் பாதியாக்க வேண்டும். இறங்கினால் மெல்லக் கூட்டலாம். புதுப் பணப் பரிமாற்றத்துக்கு முதலிடமும் நிலை விசாரணைக்கு அடுத்த இடமும் தர வேண்டும். இன்றைய எல்லைகள் அந்தத் தகவமைப்பு மீறக் கூடாத வெளிச்சுவராக இருக்கட்டும். குறியீட்டை மதிக்காத வங்கியின் கோரிக்கையை மையம் வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமையும் இருக்க வேண்டும்.

ஆய்வு செய்யும் நம் மாணவர்களுக்கும் இதில் இடம் இருக்கிறது. காரைக்குடியில் 1952-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரியும் 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகமும் இருக்கின்றன. மெல்போர்னில் ராஜ்குமார் புய்யாவின் குழு உருவாக்கிய கிளவுட்சிம் போன்ற பாவனைக் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு புதிய பங்கீட்டு முறை சராசரித் தாமதத்தை எவ்வளவு குறைத்தது என்று காட்டுவதோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. நூற்றில் கடைசி ஒருவருக்கு என்ன ஆயிற்று, சைகை தாமதித்தால் ஊசலாடுகிறதா, பத்தில் ஒருவர் விதியை மீறினால் மற்ற ஒன்பது பேர் என்ன ஆவார்கள் என்ற கேள்விகளுக்கும் எண்களோடு விடை வேண்டும். பழைய மேசைக் கணினிகள் பத்தை இணைத்து, நடுவில் ஒன்றை மையமாக்கி, மறுமுயற்சிகளை வேண்டுமென்றே ஏவிவிட்டுப் பார்த்தாலே 1986-இன் நெரிசலை ஆய்வகத்தில் மறுபடி காணலாம். பிறகு குறியீட்டைச் சேர்த்து அது தணிவதையும் அளக்கலாம்.

2025 ஆகஸ்டில் யுபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இந்த அளவில், நூற்றில் ஒன்று தடுமாறினாலும் மாதம் 20 கோடி முறை யாரோ ஒருவர் கடை வாசலில் காத்திருக்கிறார். கணினிகளைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய காத்திருப்பைக் குறைக்கப் போதுமான வழியில்லை. மையம் தன் நிலையை மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கிகளும் ஆப்களும் அதைக் கேட்டுத் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்கான கணிதம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் கையில் இருக்கிறது. இனி வேண்டியது எல்லா வங்கிகளும் கையெழுத்திடும் ஓர் உடன்பாடு.